மேகலா எடுத்த சீட்டு

விக்கிரமங்கலம்,
ஆடி மாதம், புதன்கிழமை.

தம்பி குருநாதனுக்கு அம்மா உண்ணாமலை எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுதான் சரியில்லை. நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன்.

போன் இருக்கும்போது அம்மா ஏன் காகிதத்தைப் பிடித்துக்கொண்டாள் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் நீ சரிம்மா, சரிம்மா, டூட்டிக்கு நேரமாச்சு என்று வைத்துவிடுகிறாய். கடிதம் அப்படி இல்லை. நீ மூடி வைத்தாலும் நான் சொன்னது உள்ளே இருக்கும். ராசாங்கம் மகன் லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை கத்தாருக்குத் திரும்புகிறான். அவன் கையில் இட்லிப்பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கொடுத்து அனுப்புகிறேன், இதையும் சேர்த்து. ஊறுகாயை ரூமில் இருக்கிற எல்லோருக்கும் கொடு. இதை நீ மட்டும் படி.

உன் மகள் மேகலா செய்முறைப் பரீட்சையில் தோற்றது நிஜம். அதைக் கேட்டதும் நீ அவள் அம்மா வளர்மதியிடம் போனில் சொன்னதும் என் காதுக்கு வந்துவிட்டது. அரியர் வெச்சவளுக்கு இன்னும் என்ன படிப்பு, இதோட நிறுத்திட்டு ஆவணியில மாப்பிள்ளை பாக்கச் சொல்லு அக்காவ என்றாயாம். அதை என்னிடம் சொல்லும்போது வளர்மதி என் முகத்தைப் பார்க்கவில்லை, அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். மூன்று வருஷம் படித்த பெண்ணை ஒரு போனில் நிறுத்துகிறாய். நிறுத்துவதற்கு முன்னால் என்ன நடந்தது என்று முழுக்கத் தெரிந்துகொள். உன் அக்கா ஜானகி அரியலூரில் உட்கார்ந்துகொண்டு உனக்கு எதைச் சொல்லியிருப்பாள், எதை விழுங்கியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். நான் பெற்ற மகள்தானே அவளும்.

காலேஜில் சேர்க்கும்போது நடந்த சண்டை உனக்கு மறந்திருக்காது. நீ கம்ப்யூட்டர் படிப்புதான் என்றாய், அவள் கரண்ட் படிப்புதான் என்றாள். ஒரு வாரம் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. பெரம்பலூரில் ஒரு காலேஜில் கரண்ட் படிப்புக்குள்ளேயே கம்ப்யூட்டரையும் கலந்து புதுசாக நடத்துகிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் இரண்டு பேரும் இறங்கி வந்தீர்கள். சேர்க்கைக்கு நான்தான் கூடப் போனேன். துறைத் தலைவர் காசிநாதன் சார் மேடையில் பேசினார். மோட்டார் மட்டும் தெரிஞ்சவனுக்கு இனிமே வேலை இல்லை, கம்ப்யூட்டர் மட்டும் தெரிஞ்சவனுக்குக் கரண்ட் புரியாது, ரெண்டும் ஒரே ஆளுக்கு வரணும், அதுக்குத்தான் இந்தப் பாடம் என்றார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எனக்கே புரிகிற மாதிரி பேசினார். கை வலிக்கத் தட்டினேன். இன்றைக்கும் சொல்கிறேன், அந்தப் பேச்சில் ஒரு குற்றமும் இல்லை. பேசின மனுஷனுக்கு அதில் நம்பிக்கை இருந்ததா என்பதுதான் இப்போது சந்தேகம்.

அந்தப் பாடம் எப்படி என்றால், ஒரு மேஜையில் மோட்டார் இருக்கும், பக்கத்து அறையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் இருக்கும். கம்ப்யூட்டரில் எழுதுகிற கட்டளைப்படி மோட்டார் வேகமாகவோ மெதுவாகவோ சுற்ற வேண்டும். மோட்டாருக்கு ஒயர் கொடுத்து ஓட்டுவதும் தெரிய வேண்டும், கட்டளை எழுதவும் தெரிய வேண்டும். இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிடுவார்கள். மேகலாவுக்குக் கூட்டாளி செந்துறைப் பையன், வீரமணி என்று பெயர்.

போன வருஷம் அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் காலேஜ்காரர்கள் ஒரு பிளக்ஸ் வைத்தார்கள். மேகலா கம்ப்யூட்டர் முன்னால் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், வீரமணி மோட்டார் பக்கத்தில் ஸ்பானரோடு நிற்கிறான். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன். கண்டக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஆத்தா, போன தடவையே காட்டிட்டீங்க என்றான். இப்போது நினைத்தால் கூசுகிறது. என்ன நடக்கிறது என்பதை ஊர் பார்க்கப் படம் போட்டே வைத்திருந்தார்கள், நான்தான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

இந்த மூன்று வருஷமாக மேகலா மோட்டாரைத் தொட்டதே இல்லை, தம்பி. பெண்பிள்ளைகள் அத்தனை பேரும் கம்ப்யூட்டர் பக்கம், பையன்கள் அத்தனை பேரும் மோட்டார் பக்கம். கல்யாண வீட்டுப் பந்தியில் பெண்கள் வரிசை, ஆண்கள் வரிசை என்று இலை போடுவது மாதிரி பாடத்தையும் போட்டுவிட்டார்கள். இவள் செய்ததை அவன் பார்த்து எழுதிக்கொள்வான், அவன் செய்ததை இவள் பார்த்து எழுதிக்கொள்வாள். இரண்டும் ஒரே ஆளுக்கு வர வேண்டும் என்று ஆரம்பித்த படிப்பில் ஆளுக்குப் பாதிதான் வந்தது.

அவளையும் நான் சும்மா விடவில்லை. ஏண்டி இவ்வளவு நாள் வாய மூடிக்கிட்டு இருந்த என்று கேட்டேன். கம்ப்யூட்டர் ரூம்ல ஏசி அப்பத்தா, மோட்டார் ரூம்ல எண்ணெய் நாத்தம், மொதல்ல சொகமாத்தான் இருந்துச்சு, அப்புறம் நானா கேட்டப்ப யாரும் விடல என்றாள். பொய் சொல்லாமல் சொன்னாள் என்பதால் விட்டேன். இல்லாவிட்டால் அந்தச் சொகத்துக்கே முதுகில் இரண்டு வைத்திருப்பேன்.

பரீட்சையில் யார் எதைச் செய்ய வேண்டும் என்பதைச் சீட்டு எடுத்துத்தான் முடிவு செய்வார்களாம். பிளாஸ்டிக் டப்பாவில் மடித்துப் போட்டிருப்பார்கள். மேகலா எடுத்த சீட்டில் மோட்டார் வந்தது, வீரமணிக்குக் கம்ப்யூட்டர். அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். லேப்பில் ஒரு உதவியாளர் இருக்கிறார். வெளியூரிலிருந்து பரீட்சை வைக்க வந்தவர் டீ குடிக்கிற நேரத்தில் அவர் சீட்டுகளை மாற்றிவிடுவார். பெண்பிள்ளைக்கு வந்த மோட்டார் பையனுக்குப் போகும், பையனுக்கு வந்த கம்ப்யூட்டர் பெண்ணுக்கு வரும். வருஷா வருஷம் இப்படித்தானாம். எல்லோருக்கும் தெரியுமாம். எல்லோரும் பாஸாம். சீ என்று வருகிறது எனக்கு.

இந்தத் தடவை திருச்சியிலிருந்து ஒரு அம்மா பரீட்சை வைக்க வந்திருக்கிறார். அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்துவிட்டார். உதவியாளர் அசரவில்லை. பொண்ணுங்க பயந்துக்கும் மேடம், அதான் மாத்தி விடுறோம் என்று சிரித்திருக்கிறார். அந்த அம்மா மேகலாவைப் பார்த்து, நீ பயந்துக்குவியாம்மா என்று கேட்டிருக்கிறார். அவ்வளவுதான். இல்ல மேடம், இது நான் எடுத்த சீட்டு, நானே செய்றேன் என்று சொல்லிவிட்டாள்.

வீரமணி பின்னாலேயே போய்க் கெஞ்சியிருக்கிறான். ஏய் மேகலா, வெளையாடாத, அந்தப் பொட்டியில எனக்கு ஆன் பண்றதத் தவிர ஒண்ணும் தெரியாது, குடுத்துரு என்று. இவள் கொடுக்கவில்லை.

மோட்டாருக்குப் பக்கத்தில் இரண்டு கைப்பிடி உண்டாம். ஓட்டுவதற்கு முன்னால் ஒன்றை இந்தக் கோடிக்கும் இன்னொன்றை அந்தக் கோடிக்கும் தள்ளி வைக்க வேண்டுமாம். புத்தகத்தில் கேட்டால் தூக்கத்தில் கூடச் சொல்வாள். கையால் தள்ளினபோது இரண்டும் மாறிப்போயிற்று. சுவிட்சைப் போட்டதும் மோட்டார் ஊளையிட்டிருக்கிறது, பியூஸ் டப்பென்று போய்விட்டது. யாருக்கும் ஒரு நகக்கீறல் கூட இல்லை. அந்த அம்மா இவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, மார்க்கைக் குறைத்துப் போட்டுவிட்டுப் போனார். தெரியாததைத் தெரியாது என்று எழுதினார், அதில் எனக்கு வருத்தமே இல்லை. அங்கே இருந்தவர்களில் நேர்மையாக வேலை பார்த்தது அவர் ஒருத்தர்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வீரமணி ஒற்றை விரலால் தட்டித் தட்டி நேரம் முடிகிற வரைக்கும் உட்கார்ந்திருக்கிறான். அவனும் தோற்றுப்போனான்.

ரிசல்ட் வந்ததும் பெற்றவர்களை அழைத்து வரச் சொன்னார்கள். வளர்மதிக்கு அங்கன்வாடியில் ஏதோ பெரிய ஆபீஸர் வருகிறார் என்று லீவு கிடைக்கவில்லை. நான் போனேன். அரியலூரில் பஸ் மாறிப் பெரம்பலூர் போய்ச் சேருவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

காசிநாதன் சார் அறைக்கு வெளியே பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நான் மேகலாவோடு போனதைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். வீரமணியின் அம்மா, ஆண்டாயி. செந்துறையில் இட்லிக்கடை போட்டிருக்கிறாள். பெரியம்மா, உங்க பேத்தியா இது என்று கேட்டாள். ஆமாம் என்றேன். நல்லா வளத்திருக்கீங்க, ஒரு துண்டுக் காகிதத்த மாத்திக் குடுக்க முடியல, வீம்பு, இவ வீம்புக்கு எம்புள்ள பலியா, எங்க வூட்ல காலேஜ் வாசல மிதிச்ச மொத ஆளு அவன், அதுவாச்சும் தெரியுமா உங்களுக்கு என்று பிடித்துக்கொண்டாள். நானும் விடவில்லை. உம்புள்ளைக்குத் தெரியாததுக்கு என் பேத்தி என்ன செய்வா என்றேன். ஒங்க பேத்திக்கு மட்டும் தெரிஞ்சு கிழிச்சுதாக்கும், கரண்டையே புடுங்கி விட்டாளாமே என்றாள். மேகலா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றாள். பக்கத்தில் நின்ற வீரமணி, அம்மா, அம்மா என்று அவள் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். அதற்குள் உள்ளே கூப்பிட்டார்கள். நாலு பேரையும் ஒன்றாகவே.

காசிநாதன் சார் சிரித்த முகமாகத்தான் இருந்தார். பாட்டி, உங்க பேத்தி கம்ப்யூட்டர்ல கெட்டிக்காரி, இந்த மோட்டார் வீம்புதான் வேண்டாதது, ஐப்பசியில மறுபரீட்சை வரும், கம்ப்யூட்டர் சீட்டே வர்ற மாதிரி நான் பாத்துக்கறேன் என்றார். கோயிலில் தட்டில் விழுந்த காசைப் பார்த்துவிட்டுப் பூசாரி மாலையை எடுத்துப் போடுகிற மாதிரி சொன்னார். நான் சொன்னேன், சார், மோட்டாரு தெரியாமத்தானே தோத்தா, அதைச் சொல்லிக் குடுத்தாப் போதும், சீட்ட நீங்க பாத்துக்க வேணாம் என்று. அது உங்களுக்குப் புரியாது பாட்டி என்றார். புரியலன்னா திருப்பிச் சொல்லுங்க சார், எனக்குச் சாயங்காலந்தான் பஸ்ஸு என்று உட்கார்ந்துகொண்டேன்.

அவருக்குச் சிரிப்புப் போய்விட்டது. பொம்பளப் புள்ளைங்கள மோட்டார் பக்கம் விட வேணாம்னு நாங்களா முடிவு பண்ணோம், மொத வருசமே பேரண்ட்ஸ் கேட்டுக்கிட்டாங்க என்றார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. எந்தக் கூறுகெட்ட அப்பன் சார் கேட்டான் என்றேன்.

அவர் மேஜை மேல் இருந்த போனை எடுத்து, பெற்றவர்களை எல்லாம் சேர்த்து வைத்திருக்கிற குரூப்பில் தேடி, எங்கள் பக்கம் திருப்பி வைத்து அழுத்தினார்.

உன் குரல், தம்பி.

சார் வணக்கம், மேகலாவோட அப்பா குருநாதன் கத்தார்லேருந்து பேசுறேன் சார். பொம்பளப் புள்ளைங்கள அந்த மிஷின் பக்கமெல்லாம் விடாதீங்க சார், கம்ப்யூட்டர் முன்னாடியே உக்கார வெச்சுருங்க. நாளைக்குக் கல்யாணம் காட்சி ஆக வேண்டிய புள்ளைங்க. கையில ஒரு கீறல் விழுந்தாலும் பொண்ணு பாக்க வர்றவன் திருப்பித் திருப்பிப் பாப்பான் சார், சூடு கீடு பட்டுருச்சுன்னா அப்புறம் யாரு கட்டுவா. இதான் நீ பேசினது. ஒரு சொல் கூட நான் கூட்டவில்லை. கேட்கிறவர் கேட்கட்டும் என்று அவர் இரண்டாவது தடவையும் போட்டுக் காட்டினார். உனக்குப் பின்னால் யாரோ சிரிப்பது கூடக் கேட்டது. அதற்குக் கீழே மற்ற அப்பன்கள் வரிசையாகக் கைதட்டுகிற படமும் கும்பிடுகிற படமும் போட்டிருந்தார்கள். நீ ஆரம்பித்து வைத்தாய், அத்தனை பேரும் ஆமாம் போட்டார்கள், காலேஜும் தொல்லை விட்டது என்று மேஜையைப் பிரித்துவிட்டது.

மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கிறவன் கூட மாடு வாங்கத்தான் பார்க்கிறான். நீ விற்கிறவன் மாதிரி பேசியிருக்கிறாய், தம்பி. உன் மகள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் அழவில்லை. துப்பட்டா நுனியை எடுத்து இரண்டு உள்ளங்கையையும் துடைத்துக்கொண்டாள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நீ ஏசி மெக்கானிக். கரண்டில் கை வைத்துத்தான் சம்பாதித்து இந்த வீட்டைக் கட்டினாய். வளர்மதியைப் பெண் பார்க்கப் போனபோது உன் இடது கையில் முழங்கை வரைக்கும் வெந்த தழும்பு, அப்போதுதான் ஆறி வெளுத்திருந்தது. நான் முழுக்கைச் சட்டை போடச் சொன்னேன், நீ மடித்துவிட்டுக்கொண்டுதான் வந்தாய். வளர்மதி அப்பா அதைப் பார்த்துவிட்டு, உழைக்கிற கை, எம்பொண்ணு பசியில்லாம இருப்பா என்று அந்த இடத்திலேயே தட்டு மாற்றினார். உனக்கு அந்தத் தழும்பு பெருமை. உன் மகளுக்கு நகக்கீறல் விழுந்தால் விலை குறைந்துவிடுமா? என்னடா கணக்கு இது?

ஆண்டாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள். சார், பொம்பளப் புள்ளைய மிஷினுகிட்ட விட வேணாம்னு அவுங்க அப்பாரு சொன்னாரு, சரி, எம்புள்ளைய ஏன் கம்ப்யூட்டர் பக்கம் விடல, அவன் கை என்ன கரி புடிச்ச கையா என்று. இடம் இல்லைம்மா, அந்தப் பக்கம் பொண்ணுங்க உக்காந்துட்டா பசங்க இந்தப் பக்கம்தான் நிக்கணும், பேரண்ட்ஸ் யாரும் ஆட்சேபணை சொல்லலையே என்றார். நானும் பேரண்டுதானே, என்னைய எங்க கேட்டீங்க என்றாள். குரூப்ல கேட்டோமே என்றார். அவள் இடுப்பிலிருந்து பட்டன் போனை எடுத்து மேஜை மேல் வைத்தாள். இதுல வரலையே சார் என்றாள். அவர் சன்னலைப் பார்த்தார்.

கடைசியாக நான் கேட்டேன். நடந்தது போகட்டும், நாளையிலிருந்து சாயங்காலம் ஒரு மணி நேரம் என் பேத்தியை மோட்டார் மேஜையில் விடுவீங்களா மாட்டீங்களா என்று. அதற்கு அவர் சொன்னதைக் கவனமாகப் படி. எனக்கொண்ணும் இல்ல பாட்டி, ஆனா அவுங்க அப்பா வேணாம்னு போட்டது அப்படியே இருக்கு, நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா எங்களைத்தான் கேப்பாரு, எம்புள்ளைய விடுங்க, நான் பொறுப்புன்னு அவர் வாயாலயே குரூப்ல சொல்லட்டும், அன்னைக்கே விடுறேன் என்றார். நான் சொல்றேனே, அவன் அம்மா நான் என்றேன். நீங்க சொன்னாச் செல்லாது பாட்டி என்றார். உன்னைப் பத்து மாதம் சுமந்தவள் சொல் செல்லாதாம். கத்தாரிலிருந்து நீ தொண்டையைக் கனைத்தால் செல்லுமாம். அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

அரியலூர் வரைக்கும் ஆண்டாயி என் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தாள். இறங்கும்போது, இருந்தாலும் ஒங்க பேத்தி அன்னைக்கு மாத்திக் குடுத்திருக்கலாம் பெரியம்மா என்றாள். அவள் பக்கத்தில் இருந்து பார்த்தால் அதுவும் சரிதான்.

கை வலிக்கிறது. மிச்சத்தை அப்புறம் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை, சாயங்காலம்.

நேற்று ஜானகி வந்துவிட்டுப் போனாள். ஆடி முடியட்டும் என்று கூடக் காத்திருக்கவில்லை. ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு மாப்பிள்ளையாம், பெங்களூரில் வேலையாம். பொண்ணு வேலைக்குப் போக வேணாம், ஆனா கம்ப்யூட்டர் சம்பந்தமாப் படிச்சிருந்தா சொல்லிக்க நல்லாருக்கும் என்றார்களாம். சொல்லிக்கொள்ள நன்றாக இருக்குமாம்! அரியர் இருக்குன்னு வாயே தொறக்காதம்மா என்று என்னிடம் வேறு சொல்லிவிட்டுப் போகிறாள். காபி போட்டுக் கொடுத்தேன். இன்னொரு டம்ளர் வேண்டுமா என்று கேட்கவில்லை.

இன்னொன்றும் அவள் உன்னிடம் சொல்லியிருப்பாள். அதை நானே சொல்லிவிடுகிறேன். காலேஜ் பஸ்ஸில் மேகலாவும் அந்த வீரமணியும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வருகிறார்களாம். ஆமாம், வருகிறார்கள். இவளுடைய லேப்டாப்பை அவன் மடியில் வைத்துக்கொண்டு தட்டித் தட்டிக் கற்றுக்கொள்கிறான், இவள் தப்பைத் திருத்துகிறாள். இவள் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்கிறாள். அவன் யாரு எவருன்னு விசாரிச்சியாம்மா என்று ஜானகி குரலை இறக்கிக்கொண்டு கேட்டாள். செந்துறை ஆண்டாயி மகன் வீரமணி, இட்லிக்கடை, அம்மாகாரிக்கு வாய் கொஞ்சம் அதிகம், வேறென்ன விசாரிக்கணும் என்றேன். உனக்கும் அதைத்தான் சொல்கிறேன்.

அந்தப் பையன் தேறிவிடுவான் என்று மேகலா சொல்கிறாள். ஒற்றை விரல் போய் இப்போது நாலு விரல் ஓடுகிறதாம். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வரலாம், மோட்டாரை வைத்துக்கொண்டு வர முடியுமா? அவன் இவளுக்குச் சொல்லித் தர எத்தனை தயாராக இருந்தாலும் அந்த மேஜை பூட்டின அறையில் இருக்கிறது. வாயால் சொல்லுகிறான், இவள் கேட்டுக்கொள்கிறாள். வீட்டுக்கு வந்து சமையல் மேடை மேல் இரண்டு கரண்டிகளைப் படுக்கவைத்து, இது இந்தக் கோடி, அது அந்தக் கோடி என்று தள்ளித் தள்ளிப் பார்க்கிறாள். வளர்மதி குழம்புக்குக் கரண்டியைத் தேடுகிறாள். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி கூடத்துக்கு வந்துவிடுகிறேன்.

அந்தப் பிள்ளைக்கு வழி கிடைத்துவிட்டது, தம்பி. இவளுக்கு மட்டும் உன் ஒரு சொல்லில் நிற்கிறது.

நீ எனக்கு எழுத வேண்டாம். எனக்குச் சமாதானமும் சொல்ல வேண்டாம். எந்த இடத்தில் பேசினாயோ அதே இடத்தில், அத்தனை அப்பன்களும் கேட்கிற மாதிரி, என் மகளை மோட்டார் மேஜைக்கு விடுங்கள், நான் பொறுப்பு என்று சொல். சிரிப்பார்கள். சிரிக்கட்டும். முதலில் பேசினதற்குக் கைதட்டினவர்களில் ஒருத்தனாவது தன் வீட்டுப் பெண்ணை நினைத்துப் பார்ப்பான். ஒருத்தன் கூடப் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை, உன் வீட்டுக் கதவை நீ திற. அவள் மறுபடி தோற்றாலும் தோற்கட்டும். தொட்டுப் பார்த்துத் தோற்கட்டும்.

ஜெயங்கொண்டத்துக்காரர்களுக்கு நான் ஆள் அனுப்பிவிட்டேன். பெண் படித்துக்கொண்டிருக்கிறாள் என்று. உனக்குக் கோபம் வந்தால் வரட்டும், அதையும் அந்த ரூமிலேயே ஆற்றிக்கொள்.

இன்றைக்கு மாரியம்மன் கோயிலில் கஞ்சி வார்த்தோம். உன் பேரைச் சொல்லித்தான் நம் வீட்டு அரிசியைப் போட்டேன். கூட்டம் நல்ல கூட்டம். அண்டாவை அடுப்பிலிருந்து இறக்க ஆள் பற்றவில்லை. ஒரு பக்கத்து வளையத்தை ராசாங்கம் பிடித்தான். இந்தப் பக்கம் யார் என்று பார்த்தால் மேகலா, ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டு. கஞ்சி தளதள என்று கொதிக்கிறது. இவள் குனிந்து தூக்கினாள். ஊரே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. கஞ்சிக்கு மறுபடி வந்த உன் அக்காவும் இருந்தாள். கையைப் பார்த்துக்கோடி, தழும்பு விழப்போகுது என்று ஒரு வாய் சொல்லவில்லை, தம்பி. ஒரு வாய்.

நீ நன்றாக இருக்க வேண்டும், வெயிலில் நிற்கிற வேலை, தலைக்குத் துணி கட்டிக்கொள். உன் தொழிலில் உனக்கு ஒரு கெடுதலும் வராமல் ஆத்தா காக்கட்டும். ராசாங்கம் மகன் திங்கட்கிழமை உன் ரூமுக்கு வந்துவிடுவான். செவ்வாய்க்கிழமை மேகலாவுக்கு லேப் இருக்கிறது.

உன் அம்மா,
உண்ணாமலை